சரியாத மண்

எங்கோ ஒரு மலையடிவாரத்தில், தகரப் பெட்டி மாதிரி ஓர் அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு கணினித் திரையை முறைத்துக்கொண்டிருக்கும் என் மகன் ஜோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடிதமா, அதுவும் இந்தக் காலத்திலா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நான் அனுப்பும் குரல் செய்திகளை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று ரீனா சொல்லிவிட்டாள். உன் மனைவி என்னிடம் எதையும் மறைப்பதில்லை, அதற்காக அவளிடம் பாயாதே. இதில் இருப்பதை அந்த வேகத்தில் கேட்டால் உனக்கு ஒன்றும் ஏறாது, பேசச் சொன்னால் எனக்கும் வாய் வராது. அதனால் சாந்தோம் வீட்டில், அதே பழைய சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நாலு நாளாக எழுதிக் கிழித்து மறுபடி எழுதுகிறேன். முழுவதையும் ரீனாவுக்குப் படித்துக் காட்டினேன். "அனுப்புங்க அத்தை" என்றாள். இனி யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் உன் மகள் அமலிக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். நீ வர முடியாது என்று போன வாரம் ரீனாவிடம் ஃபோனில் சொன்னாய். நீங்கள் தோண்டும் எண்ணெய்க் கிணறு அந்த வாரம்தான் குறிவைத்த பாறையைத் தொடும், இத்தனை மாதமாக நீ வரைந்த படம் சரியா தப்பா என்பது அன்றைக்குத்தான் தெரியும் என்றாய். அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்து நீ சொன்னதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. "எங்கம்மாவே என் புதுநன்மைக்கு வரலையே ரீனா. மண்ணு சரிஞ்சு ரோடு மூடிக்கிச்சு. நான் என்ன கெட்டாப் போயிட்டேன்? அந்த மண் சரிவாலதான் இன்னிக்கு நான் ஜியாலஜிஸ்ட்டா இருக்கேன்." ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது உனக்குத் தெரியாது. ராஜா அண்ணாமலைபுரத்தில் உன் வீட்டு ஹாலில், உன் மகளின் வெள்ளை ஃப்ராக்குக்கு ஓரம் அடித்துக்கொண்டு நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஜோ, அன்றைக்கு எந்த மண்ணும் சரியவில்லை. சாலை திறந்துதான் இருந்தது. நான் வந்திருக்கலாம், வரவில்லை.

இந்த இடத்தில் நீ கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு டீ போடப் போவாய் என்று எனக்குத் தெரியும். கோபம் வந்தால் உன் அப்பாவும் அப்படித்தான், டீ போடப் போய்விடுவார். போய்விட்டு வா. மீதியையும் படி. பாதியில் விட்டால் உன் அம்மா கெட்டவள் என்று மட்டும்தான் தெரியும், எப்படிக் கெட்டாள் என்று தெரியாது.

உனக்குத் தெரிந்த பாடத்தையே திரும்ப நடத்துகிறேன் என்று கொட்டாவி விடாதே. ரீனாவுக்கும், ஒருநாள் அமலிக்கும் புரிய வேண்டும். நம் இரண்டு பேர் தொழிலும் ஒன்றுதான்: பாறைகள் நெருக்கப்பட்டு, மடிந்து, உடைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிற மலைகளில், கீழே எண்ணெயோ வாயுவோ இருக்குமா என்று முன்கூட்டிச் சொல்வது. அது இருக்க வேண்டுமானால் ஐந்து விஷயம் ஒன்றுகூட வேண்டும். அடியில் வெந்து எண்ணெய் விடும் பாறை இருக்க வேண்டும். அதைத் தாங்கிக்கொள்ளத் துளைகள் உள்ள மணற்பாறை வேண்டும். மேலே மூடிபோலக் களிப்பாறை வேண்டும். ஓடிவிடாமல் பிடித்து நிறுத்த, கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வளைவு வேண்டும். ஐந்தாவது, வளைவு முதலில் எழுந்து காத்திருக்க வேண்டும், எண்ணெய் பிறகு வந்து சேர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, ஐந்தையும் பெருக்கி, தோண்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வோம். நாலில் முழு மார்க் வாங்கி ஒன்றில் பூஜ்யம் வாங்கினாலும் மொத்தம் பூஜ்யம்தான். உன் அப்பா கணக்கு வாத்தியார் இல்லையா, இதைக் கேட்டதும் அவருக்கு ஒரே குஷி. "எங்க ஸ்கூல்ல இப்படி மார்க் போட்டா ஒருத்தன் பாஸ் ஆக மாட்டான்" என்பார்.

தொல்லை என்னவென்றால், மலைப் பிரதேசத்தில் கீழே இருப்பது சரியாகத் தெரிவதில்லை. வெடி வைத்து, அதிர்வு போய்த் திரும்பி வருவதைப் பதிந்து ஒரு படம் எடுப்போம். சமவெளியில் அந்தப் படம் பளிச்சென்று வரும். மலையில் எடுத்தால் கண்ணாடி போடாமல் நான் பைபிள் படிக்கிற மாதிரிதான் இருக்கும். இடைவெளிகளை நாமே கோடு போட்டு நிரப்ப வேண்டும். அங்கேதான் ஆசை உள்ளே நுழையும். எங்கே வளைவு இருந்தால் நன்றாக இருக்கும் என்று மனசு நினைக்கிறதோ, அங்கே பென்சில் தானாக வளையும். அதற்காகத்தான் ஒரு சோதனை வைத்திருக்கிறோம். வரைந்த மடிப்பையெல்லாம் நீவி, மடியாத காலத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது. எல்லா அடுக்கும் ஒரு காலத்தில் பாய் விரித்த மாதிரி ஒன்றாகக் கிடந்தவை என்பதால், விரித்தால் எல்லாம் ஒரே நீளம் வர வேண்டும். வரவில்லை என்றால் படம் தப்பு. இன்றைக்கு உனக்கு அதைக் கணினி செய்கிறது. எனக்கு நூல்.

அந்த நூல் உனக்கு ஞாபகம் இருக்கும் என்றே நினைக்கிறேன். தையல் மெஷினிலிருந்து உருவிய கறுப்பு நூல். இந்த மேஜையில், மலையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல வரைந்த செக்‌ஷனை விரித்து, ஒவ்வொரு அடுக்கின் வளைவு மேலும் நூலை வைத்து ஒட்டிக்கொண்டே போய், வெட்டி, பிறகு நேராக நீட்டி அளப்பேன். ஒரு முனையைப் பிடிப்பது உன் வேலை. மூன்றாவது வகுப்புப் பையன், மூச்சைக்கூட விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பாய். அந்த வருஷம் நான் வடகிழக்கு மலைகளில், மிசோரம் பக்கம், ஒரு கிணற்றுக்கு இடம் குறித்துக்கொண்டிருந்தேன். என் பெயரில் போகும் முதல் பரிந்துரை. ஆபீஸில் மலைப் பிரதேசத்துக்கு ஒரு பெண் இடம் குறிப்பது அப்போது பெரிய அதிசயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூல்களை வரிசையாக நீட்டி வைத்திருந்தேன். உன் அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து எட்டிப் பார்த்தார். "இந்த மணற்பாறை நூல் மட்டும் ரெண்டு விரல் கம்மியா இருக்கே?"

இருந்தது. காலையிலேயே பார்த்துவிட்டேன். அந்த அடுக்கில் இரண்டு விரல் நீளம் எங்கேயோ போயிருக்கிறது, நான் வரையாத இன்னொரு துண்டு கீழே ஏறிக் கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதை ஒத்துக்கொண்டால் அழகாக எழுந்து நிற்கும் என் வளைவு போய்விடும். "நடுவுல களிப்பாறை இருக்கு. அது வழுக்கும், பிதுங்கும், நீளம் கொஞ்சம் முன்னப்பின்னதான் வரும்" என்றேன். அப்படி நடப்பதும் உண்டுதான், முழுப் பொய் இல்லை. ஆனால் கணக்கு உதைக்கும்போதெல்லாம் மிச்சத்தைக் களிப்பாறையில் தள்ளிவிடுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த திருட்டுத்தனம். உன் அப்பா விடவில்லை. "ரெண்டு விரல்னா அந்த ஊர்ல எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நீங்க போய் உங்க ஒம்போதாங் கிளாஸ் ஜியோமெட்ரிய நடத்துங்க. எனக்கு என் வேலை தெரியும்" என்று கத்தினேன். அவர் டீ போடப் போய்விட்டார். நீ அந்த நூல் முனையைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாய். அவரிடம் நான் அதற்கு மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், "எதுக்கு?" என்று கேட்டு மறந்ததுபோல நடித்திருப்பார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது கேட்டால் எதுக்கு என்று கேட்க ஆள் இல்லை.

அடுத்த வருஷம் கிணறு தோண்ட ஆரம்பித்தார்கள். ஆழம் போகப் போக, குறிவைத்த இடம் நெருங்க நெருங்க, உன் புதுநன்மையும் நெருங்கியது. தி. நகரில் நாம் இரண்டு பேரும் போய் வெள்ளைச் சட்டைத் துணி எடுத்தோம். ஷூ ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டேன் என்று நீ கடைவாசலிலேயே உட்கார்ந்துகொண்டாய். "போயிட்டு வியாழக்கிழமை வந்துடுவேன், ஞாயித்துக்கிழமை நான்தான் உனக்குத் தலை சீவி விடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அங்கே போன பிறகு இரண்டு நாள் தள்ளியது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜீப் வந்தது. சில்சருக்குப் போய் விமானம், கல்கத்தாவில் மாறி, சனிக்கிழமைக்குள் சென்னை. அந்த வாரத் தொடக்கத்தில் நல்ல மழை பெய்திருந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு வெயில். மலை கழுவிவிட்டதுபோல இருந்தது. என் பையை ஜீப்பில் வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை சாம்பிள் தட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

தட்டில், கீழேயிருந்து அப்போதுதான் வந்த பாறைத் துகள்கள். லென்ஸை வைத்தேன். அதே சாம்பல் மணல், அதே மைக்கா மினுக்கம். பத்து நாளைக்கு முன்னால் மேலே தாண்டிய அதே பாறையை மறுபடி தோண்டிக்கொண்டிருந்தோம். நான் வரையாமல் விட்ட துண்டு. கணக்கு வாத்தியார் காட்டிய இரண்டு விரல். அந்த இடத்தில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று இன்னும் தெரியாது. நான் கிளம்பிவிட்டால், யாராவது கண்டுபிடிப்பார்கள், நான் இல்லாத இடத்தில் என்னைப் பற்றிப் பேசுவார்கள், ஒரு பொம்பளை போட்ட கோடு என்று சிரிப்பார்கள். இங்கேயே இருந்தால் முதலில் நான் சொல்லலாம், என் வார்த்தையில் சொல்லலாம், பூசி மெழுகலாம். நீ இத்தனை வருஷம் அதைக் கடமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் ஜோ. பயம். வெறும் பயம். அந்தத் துகள்களைப் பையில் போட்டு, எண் எழுதி வைத்தால், நான் திரும்பி வரும்வரை அப்படியே இருந்திருக்கும். கோடி கோடி வருஷம் அசையாமல் கிடந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியும்வரை கிடக்காதா?

ஜீப்பிலிருந்து பையை இறக்கினேன். ஆனால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே. அதே ஜீப்பில் ஏறி, மலையிலிருந்து இறங்கி, ஒரு மணி நேரத்தில் டவுனுக்குப் போய் எஸ்.டி.டி. பூத்தில் நின்றேன். மூடிக்கிடந்ததாக நீ நம்பும் அதே சாலை. வழியில் ஒரு கல்கூடப் புரண்டு கிடக்கவில்லை. எதிரே முட்டை ஏற்றிய வண்டிகூட வந்தது. உன் அப்பாதான் எடுத்தார். வர முடியவில்லை, இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்றேன். நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனேன், ஆழம், சாம்பிள், லாக், டெல்லியிலிருந்து கேட்பார்கள் என்று. கடைசியில் கேட்டார். "சரி. புள்ளைகிட்ட என்ன சொல்றது?"

"நீங்களே ஏதாச்சும் சொல்லுங்க" என்றேன்.

என் வாழ்நாளில் நான் பேசியதிலேயே மட்டமான வார்த்தை அது. பொய்யைக்கூட நான் சொல்லவில்லை, அவர் தலையில் கட்டினேன். வாழ்க்கையில் ஒரு பையனுக்கு அரை மார்க் கூடப் போடாத மனுஷன் அவர். பூத்தை விட்டு வெளியே வந்தேன். டிரைவர் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார். "மேடம், இங்கிருந்து சில்சர் மூணு மணி நேரம்தான், இப்பப் புறப்பட்டாலும் விமானத்தைப் பிடிச்சிடலாம்" என்று அவர் பாஷையில் சொன்னார். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. வண்டியைத் திருப்பச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார் பார், அப்போதாவது நான் மனசை மாற்றிக்கொண்டிருக்கலாம்.

கிணறு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும், தண்ணீர்தான் வந்தது. இன்னும் ஆழத்தில் நிஜமான வளைவு இருந்தது, மணல் நன்றாக இருந்தது, மூடியும் நன்றாக இருந்தது. வாயு வந்துபோன சுவடும் இருந்தது. வளைவு எழுவதற்கு முன்னாலேயே அது கடந்து போய்விட்டிருந்தது. நாலிலும் முழு மார்க், ஐந்தாவதில் பூஜ்யம். 'கட்டமைப்பு எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது' என்று ரிப்போர்ட் எழுதினேன். இரண்டு விரலைப் பற்றி எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மேலதிகாரி, "விடுங்கம்மா, மலைன்னா அப்படித்தான், அடுத்ததைப் பாப்போம்" என்றார். யாருக்குப் பயந்து அங்கே உட்கார்ந்திருந்தேனோ, அவர்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் வீட்டுக்கு வந்தது மறு வியாழக்கிழமை. நீ திட்டுவாய், அழுவாய், பேச மாட்டாய் என்று விமானம் முழுக்கத் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். நீயோ படியில் இறங்கி ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். "அம்மா, மண்ணு சரிஞ்சிடுச்சாமே! உனக்கு அடி படலையே? எவ்ளோ உயரம் இருந்துச்சு? நம்ம மாடி அளவுக்கா?" உனக்குப் பின்னால் உன் அப்பா டீ வடிகட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. விருந்தில் கொடுத்த கேக்கை எனக்காகக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாய். நாலு நாளில் எறும்பு மொய்த்துவிட்டது. எறும்பை ஊதி ஊதித் தட்டிவிட்டு, "இந்தப் பக்கம் நல்லாதான்மா இருக்கு" என்று நீட்டினாய். நான் தின்றேன்.

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். ஆனால் நீ கேட்டாயே, எவ்வளவு உயரம் என்று. ஜோ, எனக்கு எல்லாம் தெரியும், அதுதான் கேடு. சரிவு எந்தப் பக்கம் சாய்ந்தால் மண் விழும், மழைத் தண்ணீர் களியில் இறங்கினால் எப்படி வழுக்கும், முதலில் மரங்கள் எப்படிச் சாயும், அப்புறம் என்ன சத்தம் வரும். எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டாய். மறுநாள் நோட்டில் படம் வரைந்து வந்தாய், அதில் தப்பைத் திருத்தினேன். அந்த வாரக் கடைசியில் பழைய மீன்தொட்டியில் ரவை, மிளகாய்த்தூள், மைதா, காபித்தூள் என்று அடுக்கடுக்காகப் போட்டு, பரீட்சை அட்டையால் ஓரத்திலிருந்து தள்ளி, மலை எப்படி மடிகிறது என்று காட்டினேன். நீ கைதட்டிக் குதித்தாய். உனக்குத் தொழில் பிறந்தது அந்த வாரம்தான். வேலைக்கான நேர்முகத் தேர்வில்கூட அந்த மண் சரிவைச் சொன்னதாக எனக்கே ஃபோன் பண்ணிச் சொன்னாய். நான், "நல்லது கண்ணா" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நடக்காத ஒன்றிலிருந்து நீ இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். அதை எடுத்துவிட்டால் நீ எதன்மேல் நிற்பாய் என்று பயந்துதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று யோசித்தால், உனக்காகப் பயந்தது பாதிதான். மீதிப் பாதி, படியிறங்கி ஓடி வந்த அந்தக் கட்டிப்பிடிப்பை இழக்க எனக்கு மனசில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று, ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. ஃபாதர் மன்னித்து ஜெபம் சொல்லச் சொல்வார், சொல்லுவேன். எழுந்து வெளியே வரும்போது நெஞ்சு அப்படியேதான் கனக்கும். ஏமாந்தவன் நீ, மன்னிக்க வேண்டியவனும் நீ. அவர் என்ன பண்ணுவார்?

நான் பார்க்காத அந்தக் காலை எனக்கு மனப்பாடம், தெரியுமா? இத்தனை வருஷமாகத் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்திருக்கிறேன். உன் அப்பா வலப்பக்கம் வகிடு எடுத்துச் சீவிவிட்டார், நான் இடப்பக்கம் எடுப்பேன். ஷூவுக்குள் பஞ்சு வைத்திருந்தார். கோயிலில் மெழுகுவத்தியைத் தாயும் தகப்பனும் சேர்ந்து பற்றவைத்துத் தர வேண்டும், அவர் ஒரு கையால் திரியையும் ஒரு கையால் உன் தோளையும் பிடித்துக்கொண்டார். நற்கருணை வாங்கியதும் நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ரொம்ப நேரம் திறக்கவில்லையாம். அம்மா பத்திரமா வரணும்னு வேண்டிக்கிட்டேன் என்று அப்புறம் சொன்னாயாம். நமக்கு மீன் கொண்டுவரும் செல்வி, கடற்கரைக் குப்பத்துக்காரி, நீங்கள் வீதியில் வரும்போது பார்த்திருக்கிறாள். நான் வந்த மறுநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாமே, உம் புள்ள மாப்ள கணக்கா வெள்ள சட்ட போட்டுக்கினு வரான், பெத்தவளக் காணோம். எங்க போய்க்கினு இருந்த?" என்றாள். வேலை என்றேன். "வேல எங்க போவுது, அது அங்கியேதான் கீது" என்று சொல்லிவிட்டு வவ்வால் மீனை வெட்ட ஆரம்பித்தாள். என்னை நேருக்கு நேர் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அந்த ஒரு காலையைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், நான் குறித்து நன்றாக வந்த மற்ற கிணறுகளையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவேன். யோசிக்கவே மாட்டேன்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். நீ ஃபோனை வைத்த பிறகு ரீனா அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து போய் குக்கர் வைத்தாள். அமலி தரையில் உட்கார்ந்து மறைக்கல்வி நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குடும்பக் கதை அவளுக்கு எழுத்துக்கு எழுத்து தெரியும், நீதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "பாட்டி, அப்போ அப்பா ரோட்லயும் மண்ணு சரியப் போகுதா?"

அவளுக்கு வருத்தம்கூட இல்லை ஜோ. மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். இந்த வீட்டில் முக்கியமான நாளில் யாராவது ஒருத்தர் வராமல் இருப்பார்கள், அன்றைக்கு ஒரு மலை சரியும், அது வழக்கம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். கையில் இருந்த ஊசி எனக்குக் குத்தியது. வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டுவிடப் போகிறது என்று விரலை வாயில் வைத்துக்கொண்டேன், பதில் சொல்லாமல் தப்பிக்க அது ஒரு சாக்காயிற்று. ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.

உன் வேலையை மட்டமாகப் பேச மாட்டேன். எனக்குத் தெரியும் அந்த வாரத்தின் ருசி. கீழே என்ன இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாதபோது, முதலில் நான் பார்ப்பேன் என்கிற வெறி இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. உன் நூல் நேராக இருக்கிறதா, இரண்டு விரல் குறைகிறதா என்று எனக்குத் தெரியாது. குறைகிறது என்றால் இன்றைக்கே உன் மேலதிகாரியிடம் சொல்லிவிடு. அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் உன்னை அங்கே கட்டிப்போட்டிருக்கிறது என்றால், அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன், நீ உட்கார்ந்து காவல் காப்பதால் பாறை மாறாது. குறையவில்லை என்றால் உனக்கு அங்கே வேலையே இல்லை. படம் சரியாக இருந்தால் நீ ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்தாலும் சரியாகத்தான் இருக்கும். இப்போதெல்லாம் துகளின் படத்தை அந்த நிமிஷமே ஃபோனில் அனுப்புகிறார்கள், நீயே எனக்கு அனுப்பிப் பெருமையடித்திருக்கிறாய்.

நீ ஜியாலஜிஸ்ட் ஆனது பொய்யால் இல்லை என்று உனக்கு ஆறுதல் சொல்லலாம் என்று பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை. மீன்தொட்டியில் மடிந்த ரவை நிஜம், நீ கைதட்டியது நிஜம். மீதியை நீயே பிரித்துப் பார்த்துக்கொள், நான் கை வைத்தால் மறுபடி பூசி மெழுகத்தான் செய்வேன்.

ஒன்றை மட்டும் இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா என்மேல் இருந்த அன்பினால் எனக்காக ஒரு மலையைச் சரித்தார். அந்த அன்பு இத்தனை வருஷம் என்னைத் தின்றது. எனக்கு உன்மேல் அதைவிடக் குறைந்த அன்பில்லை, ஆனால் நான் அதைச் செய்யப்போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிப் பூசைக்கு அமலி வெள்ளை உடுத்திக் கிளம்பி, அப்பா ஏன் வரலை என்று கேட்டால், "வந்திருக்கலாம், வரலை" என்றுதான் சொல்வேன். அதைக் கேட்டு அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் சொல்வேன்.

இதைப் படித்து என்மேல் உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். ஃபோனில் திட்டாதே, எடுக்க மாட்டேன். அந்தக் கோபத்தோடேயே டிக்கெட் போடு, அந்தக் கோபத்தோடேயே விமானம் ஏறு, கோயிலில் என் பக்கத்தில் நிற்கப் பிடிக்காவிட்டால் தள்ளி நின்றுகொள். அவள் மெழுகுவத்தியைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் கேள்.

அம்மா